வெயிட் பெல்ட்டின் மேல் கட்டிய காப்புக் கயிறு

இதை எழுதுவதற்குப் பதினோரு வருஷம் தயங்கினேன். மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களை இதற்கென்றே எடுத்து வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்தால் ஒன்பது பக்கங்களில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரிகூட இருக்காது. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து ஓடவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தம்பியைக் கொன்ற கயிற்றை நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டவன். அதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது முதலிலேயே எழுதிவிட்டேன். இனி ஓடும்.

எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில். எங்கள் தெருவிலிருந்து போன ஒரு பாய் வீட்டு அண்ணன் விசா எடுத்துக் கொடுத்து, இருபத்திரண்டு வயதில் நான் கல்ஃபுக்குப் போனேன். துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் தண்ணீருக்குள் போய்ச் சுரண்ட வேண்டும். முதுகில் காற்று சிலிண்டர், மேலுக்குக் காற்றடைத்தால் மிதக்கிற ஜாக்கெட், வாயில் மூச்சுக்குழாய், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த வெயிட் பெல்ட். ஒன்பது வருஷம் அதுதான் என் சோறு.

ஈயம் எதற்கு என்று கேட்பார்கள். மனுஷ உடம்பு, அதிலும் ரப்பர் உடுப்பு போட்ட உடம்பு, தண்ணீரில் தானாக அமிழாது. ஈயம் இழுத்தால்தான் கீழே நிற்கும். ஆனால் கீழே இழுக்கிற அதே சாமான், ஆபத்து வந்தால் ஒரு நொடியில் உடம்பை விட்டுப் போக வேண்டும். அந்த பெல்ட்டின் சூத்திரமே அவ்வளவுதான். கட்டுவதற்கு நிதானம் வேண்டும், கழற்றுவதற்கு ஒரே இழுப்பு போதும்.

எங்கள் ஃபோர்மேன் பிலிப்பைன்ஸ்காரர். பாஷை தெரியாது, கையில் அடித்தே சொல்லிக் கொடுத்தார். முதல் ஒரு வாரம் என்னைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. கரையில் நிற்க வைத்து பெல்ட்டைக் கட்டு, அவிழ், கட்டு, அவிழ் என்பார். பக்கிள் இல்லாத முனையை வலது கையில் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் பிடித்தால்தான் ஈயக்கட்டிகள் உருவிக் காலில் விழாது. கொஞ்சம் குனிந்து, பெல்ட்டை முதுகில் படுக்க வைத்து, கட்டிகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்ட பிறகு கடைசியாகத்தான் பெல்ட். ஜாக்கெட்டின் வார் எதுவும் அதன் மேலே வரக்கூடாது. மிஞ்சும் வாலை எங்கும் சொருகக்கூடாது, முடிச்சுப் போடக்கூடாது, தொங்கட்டும். வலது கை ஒரே இழுப்பில் பக்கிளைத் திறக்க வேண்டும். திறந்ததும் பெல்ட்டை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து விட்டுவிட வேண்டும். ஆழத்துக்குப் போனால் ரப்பர் உடுப்பு நசுங்கி பெல்ட் தளரும். அங்கே ஒரு தடவை இறுக்கிக்கொள்ள வேண்டும். கடல் தண்ணீர் ஆளைத் தூக்கும், நல்ல தண்ணீர் அவ்வளவு தூக்காது. ஆகையால் கடலுக்கு வைத்த ஈயத்தைக் கிணற்றுக்கு வைக்கக்கூடாது. கடைசியாக, கூட இறங்குகிறவன் உன் பக்கிளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நீ அவனுடையதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஊருக்கு வந்து என் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஊரில் இந்த வேலைக்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நிறைய இருந்தது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் அறுந்து விழும். கல்குவாரிக் குழிகளில் பம்பு முங்கும். எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு வைத்துக்கொண்டவர் தென்காசியில் ஒரு காண்ட்ராக்டர். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பேரைச் சொல்லாததற்குக் காரணம் அவர் மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பேர் என் நோட்டில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், பேச்சுக்குப் பேச்சு சாமி. நானும் சாமி கும்பிடுகிறவன் என்பதால் அவரை நம்பினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு கிணற்றுக்குள் தம்பியின் கால் கேபிளில் சிக்கிக்கொண்டது. உதறி மீண்டவன், பெல்ட்டைக் கழற்றி விட்டுவிட்டு மேலே வந்தான். சரியாகச் செய்தான். அந்தக் கிணற்றில் சேறு அதிகம். ஈயம் திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே இருந்தார்.

பூஜையன்று ஆபீசில் சிலிண்டர், ஜாக்கெட், கயிறு, கத்தி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துப் படத்துக்கு முன்னால் பரப்பியிருந்தோம். அண்ணாச்சி மஞ்சளில் தோய்த்த கயிற்றுச் சுருள் ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் நூலு சுத்துங்கடே. பெல்ட்டுக்கு மட்டும் நான் கட்டுதேன்."

நான் தொட்டுப் பார்த்தேன். நூல் இல்லை, நைலான்.

"பருத்தி தண்ணியில இத்துப் போயிரும்லா. அதான் நைலானு. சாமி பாதத்துல வச்சு எடுத்தது" என்றார். பெல்ட்டைப் பூட்டி, பக்கிளின் மேல் அந்தக் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார். பெல்ட்டை இடுப்பில் கட்டிய பிறகும் இப்படித்தான் சுற்ற வேண்டும், மூன்று நாளைக்குக் காப்பு நீங்கக்கூடாது என்றார்.

தம்பி சிரித்தான். "அண்ணாச்சி, பூட்டுக்கு மேல பூட்டா? ஒரு அவசரம்னா எப்படி அவுக்க?"

"அவசரம் வராம இருக்கத்தாம்ல காப்பு! போன வாட்டி பதறிப்போயி கெணத்துக்குள்ள கழட்டிப் போட்டுட்டு வந்தேல்லா? இனிமே போட மாட்டே பாரு. சாமி கயித்துல எவன் கை வைப்பான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் அந்தக் கட்டு தப்பு என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஒன்பது வருஷம் தெரிந்தவன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அவிழுங்கள் என்று அங்கே சொல்வது சாமியை அவமதிப்பது போல எனக்குப் பட்டது. கயிற்றின் நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அண்ணன் செய்ததைப் பார்த்துத் தம்பியும் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், வேலை தொடங்க வேண்டும் என்று காலையிலேயே எங்களை ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிப்போனார். லாரி இறங்கிய பாதை சரிவாகத் தண்ணீருக்குள் போகும். பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் பாதை முடிந்து செங்குத்தாகப் பள்ளம். நாற்பதடி ஆழத்தில் கிடந்த பம்புக்குக் கொக்கி மாட்ட வேண்டும். ஒரு சிலிண்டர்தான் கொண்டு வந்திருந்தார்கள். தம்பி இறங்கினான். அண்ணாச்சியே அவன் இடுப்பில் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டார். ஈயமும் கூடுதல், சொன்னேன், கேட்கவில்லை. காலில் கட்டும் கத்தி எங்கே என்று கேட்டேன். பூஜையில் வைத்த கத்தி, இன்னும் எடுக்கவில்லை, ஆபீசில் இலைமேல் கிடக்கிறது என்றார்கள்.

தம்பியின் மூச்சுக் குமிழிகளை எண்ணிக்கொண்டே கரையில் நின்றேன். திடீரென்று குமிழி நின்றது. சிலிண்டரில் காற்று காட்டும் முள் ஒட்டிக்கொண்டு, தீர்ந்துபோன காற்றை இருப்பதாகக் காட்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. தம்பி மேலே வந்தான். முகம் ஒரு தடவை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. கூப்பிடவில்லை, கூப்பிட மூச்சு இல்லை. அவன் வலது முழங்கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்த இழுப்பு. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை இழுக்கும்போது முகம் உள்ளே போய்விட்டது.

குதித்தேன். அவனை எட்டிப் பிடித்தேன். அந்த ஈயத்தோடு அவனைத் தூக்க என்னால் முடியவில்லை. பக்கிளைத் தேடினால் கயிறுதான் கையில் அகப்படுகிறது. நனைந்த நைலான் முடிச்சு விரலுக்கு மசியாது. பல்லால் கடித்தேன். என் முன்பல் ஒன்று பாதி உடைந்தது அப்படித்தான். பாக்கு கடித்து உடைந்ததென்று இத்தனை நாளும் சொல்லி வந்தேன். மூச்சு முட்டி நான் மேலே வந்தேன். அவன் வரவில்லை. கொக்கிக் கயிறு போட்டு அவனைக் கரையில் சேர்க்க வெகுநேரம் ஆனது.

கரையில் கிடத்தியதும் அண்ணாச்சி தன் கணக்கப்பிள்ளையிடம் சொன்ன முதல் வார்த்தை என் காதில் விழுந்தது. "அந்தக் கயித்த அறுத்து எடு. போலீஸ் வரதுக்குள்ள எடுத்துப் போடு." அறுத்து எடுத்தார்கள். இரண்டு விரல் நீளத்துண்டு ஒன்று தம்பியின் விலாவில் ஒட்டிக் கிடந்தது. அதை நான் கைக்குள் மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அது எங்கள் வீட்டு விபூதிப் பானைக்குள் இருக்கிறது. போலீசிடம் அதைக் காட்டவில்லை, காட்டினால் பக்கத்தில் நின்ற நீ ஏன் கட்ட விட்டாய் என்று கேட்பார்கள்.

அன்று சாயங்காலமே ஊர் பூராவும் பேச்சு பரவிவிட்டது: 'குடிச்சுட்டு எறங்கிட்டான்.' சொன்னது அண்ணாச்சி. என் தம்பி புரட்டாசி விரதத்தில் இருந்தவன். முட்டைகூடத் தொட மாட்டான். ஆஸ்பத்திரி அறிக்கையிலும் குடி என்று ஒன்றும் இல்லை. அறிக்கையை டீக்கடையில் யார் வாசிக்கிறார்கள்? தம்பி மனைவி வீட்டில் தையல் போடுகிறவள். அளவு கொடுக்க வந்த ஒருத்தி, கையைத் தூக்கி நின்றுகொண்டே, "குடிகாரனுக்கு வாக்கப்பட்டா இப்படித்தாம்மா" என்றாளாம். இவள் டேப்பை அப்படியே அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். என் தம்பி குடித்துச் சாகவில்லை என்பதை அந்த மனுஷன் வாயாலேயே, நாலு பேர் கேட்கச் சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

குற்றாலநாதர் சன்னதியில் நின்று ஒரு சபதம் எடுத்தேன். அந்த வார்த்தை வரும்வரை அருவியில் குளிக்க மாட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சாரல் விழுந்து சீசன் தொடங்கினால் எங்கள் ஊரில் ஒருத்தன் வீட்டில் குளிப்பானா? ஏழு சீசன் நான் வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்தேன்.

அதோடு, அண்ணாச்சியிடமே வேலையில் இருந்தேன். அதுதான் ஊருக்குப் புரியவில்லை.

"சூடு சொரணை இருக்கா ஒங்களுக்கு? தம்பியக் கொன்னவன்கிட்ட போயி கையக் கட்டிட்டு நிக்கிய" என்றாள் என் மனைவி.

"நின்னாத்தான் கிட்டத்துல நிக்க முடியும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் கேட்கவில்லை. தினமும் காலையில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போவேன். கோபுர வாசல் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். உள்ளே போய் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தாளை என் கையில் கொண்டு வந்து கொடு." பிள்ளைகளுக்குப் படிப்பு, உடம்புக்குச் சுகம் எதையும் கேட்கவில்லை. ஏழு வருஷம் அந்தச் சாமியிடம் அதை மட்டும் கேட்டேன். அண்ணாச்சிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், செருப்பை எடுத்து வைத்தேன், கார்க் கதவைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் இடுப்பைப் பார்ப்பேன்.

ஏழாவது வருஷம் சீசன் நேரம். மழை பலத்து அருவியில் செந்தண்ணி கொட்டியது. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த கூட்டம் மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் நடந்து நடந்து அல்வா வாங்கித் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த அண்ணாச்சிக்கு மூளை ஓடியது. தடை போட்ட நாளிலெல்லாம் கூட்டத்தை வேனில் ஏற்றிக் கல்குவாரிக்குக் கொண்டுபோய், சிலிண்டர் மாட்டி முங்க வைக்கலாம். ஸ்கூபா டைவிங் என்று போர்டு. அதே குவாரி. அதே சரிவுப் பாதை.

திறப்பு நாளன்று ஷாமியானா, நாற்காலி, நாற்பது ஐம்பது பேர். செங்கோட்டையிலிருந்து அவருடைய சம்பந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். குவாரியில் முன்பு வேலை செய்த ஆட்களும் நின்றார்கள். பெஞ்சின் மேல் பன்னிரண்டு புது வெயிட் பெல்ட் வரிசையாகக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். மஞ்சள் தோய்த்த நைலான் சுருள்.

"பெல்ட்டுக்கெல்லாம் காப்பு வச்சிரு. வாரவன் பூராம் புதுப்பய. பயந்து பயந்து கழட்டிப் போட்டானுவன்னா நாம எங்கன போயித் தேட?"

இவர் எதையும் மறக்கவில்லை என்றும் தெரிந்தது, எதற்கும் வருந்தவில்லை என்றும் தெரிந்தது.

"கட்டிருவோம், அண்ணாச்சி. மொதல்ல உங்களுக்குக் கட்டுதேன்" என்றேன்.

போட்டோவுக்காக அவர்தான் முதலில் இறங்குவதாக ஏற்பாடு. உடுப்பு மாட்டி, ஜாக்கெட் போட்டு, சிலிண்டரை ஏற்றினேன். பெல்ட்டை எடுத்தேன்.

"நல்லா கனமா வையிலே. தொந்தி மெதக்கும். போட்டோல முங்குன மாதிரி வரணும்."

கேட்டதற்கு மேல் இரண்டு கட்டி கூடுதலாகக் கோத்தேன். அவர் சொன்னார் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். இரண்டு கட்டி என் கணக்கு. முழங்காலில் நின்று அவர் தொந்தியைச் சுற்றி பெல்ட்டைக் கட்டினேன். பக்கிள் பூட்டினேன். அதன் மேல் நாலு சுற்று. முடிச்சின் மேல் முடிச்சு. அவர் போட்ட அதே முடிச்சு. ஏழு வருஷம் கட்டிலின் காலில் போட்டுப் போட்டுப் பழகியிருந்தேன். கட்டி முடித்துக் கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் கெண்டைக்காலில் கத்தி இருந்தது. முந்தின நாள்தான் தீட்டியிருந்தேன். நானும் கூட இறங்கினேன். என் இடது கை அவருடைய ஜாக்கெட்டின் முதுகு வாரைப் பிடித்த பிடி கடைசிவரை விடவில்லை. இதை விசுவநாதர் சாட்சியாகச் சொல்லுகிறேன்.

முழங்கால், இடுப்பு, நெஞ்சு. கரையில் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மூச்சுக்குழாய் நெஞ்சில் தொங்கியது. சிரித்த முகம் படத்தில் விழ வேண்டும் என்று வாயில் வைக்கவில்லை. ஜாக்கெட்டில் நான் காற்று அடைக்கவில்லை. பாதை முடியும் இடம் எனக்குக் காலால் தெரியும். அங்கே நிறுத்தினேன். தண்ணீர் அவர் கழுத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, வந்தவங்களுக்கு ஒரு செய்முறை காட்டுவோம்" என்று கரைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "ஆபத்து வந்தா பெல்ட்ட எப்படிக் கழட்டன்னு காட்டுங்க. வலது கையால ஒரே இழுப்பு."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கீழே விட்டார். தடவினார். சிரிப்பு போனது.

"ஏலே, கயிறு கெடக்குல்லா."

"காப்புல்லா அது. இழும்."

அதுவரை நான் அவரை நீர், இழும் என்று பேசியதில்லை. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததில் ஒரு எட்டு பின்னால் வைத்தார். பின்னால் பாதை இல்லை.

தண்ணீர் மூக்குவரை ஏறியது. வாரைப் பிடித்திருந்த என் கை அவரை அதற்குக் கீழே போக விடவில்லை, மேலேயும் தூக்கவில்லை. தலையை அண்ணாந்து வாயை மட்டும் வெளியே நீட்டினார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிறாண்டினார். நெஞ்சிலேயே மூச்சுக்குழாய் தொங்குகிறது, சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது. பயந்தவனுக்கு அது ஞாபகம் வராது. நமச்சிவாய என்று மனதுக்குள் எண்ணினேன். நூற்றெட்டு எண்ண வேண்டும் என்று ஏழு வருஷம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"அறுலே! கயித்த அறுலே!" என்று கத்தினார். "அவன் கெதி எனக்கும் வரவா?"

"எவன் கெதி?"

"ஒந்தம்பி கெதிதாம்ல!"

"அவன் குடிச்சுட்டுல்லா செத்தான்னீரு?"

"குடிக்கலலே... அவன் குடிக்கல..." தண்ணீர் வாய்க்குள் போய் இருமினார். "கயிறுதாம்ல... நான் கட்டுன கயிறுதாம்ல... அறு!"

கரையில் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் இருபத்தாறு வரைதான் எண்ணியிருந்தேன். மிச்சத்தை எண்ண என் கைக்கு ஆசை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் ஆசை இருந்தது. ஆனால் நான் கேட்டு வந்த வார்த்தை வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு எண் எண்ணினாலும் நானும் அவரும் ஒன்று. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். அவர் கையைப் பிடித்து பக்கிளில் வைத்தேன். "இப்ப இழும்." இழுத்தார். ஒரே இழுப்பு. ஈயம் போனது, ஆள் மேலே வந்தார்.

கரையில் அவரை உட்கார வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனேன். அந்த நைலான் சுருளை எல்லோரும் பார்க்க அதே கத்தியால் துண்டு துண்டாக நறுக்கினேன். பன்னிரண்டில் ஒரு பெல்ட்டை எடுத்து, வந்திருந்த கூட்டத்துக்கு, எந்த முனையை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், வாலை எப்படித் தொங்கவிட வேண்டும் என்று காட்டினேன். யாரும் அன்று இறங்கவில்லை. ஒரு மாதத்துக்குள் போர்டை எடுத்துவிட்டார். இன்றைக்கு அவர் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு கூடுதலாக இறங்குகிறது. சாமி அவரை மன்னிக்கட்டும், அது சாமியின் இஷ்டம். நான் மன்னிக்கவில்லை.

அன்று ஈர உடுப்போடு நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் போனேன். தம்பி மனைவி மிஷினில் இருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அத்தான், நல்லா இருங்க என்று சொல்வாள் என்றும் நினைத்தேன். அவள் ஊசியை உயர்த்தித் துணியை வெளியே எடுத்தாள்.

"அவரு கட்டுனாரு, சரி அத்தான். அன்னைக்கு நீங்க எங்கன நின்னிய?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா, அப்படிக் கட்டக்கூடாதுன்னு?"

விபூதிப் பானை, கயிற்றுத்துண்டு, கண்ணில் ஒற்றியது எல்லாவற்றையும் அவளிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அவரு சொன்னத ஊர் கேட்டுச்சு. நீங்க சொன்னத நான் மட்டுந்தான் கேட்டிருக்கேன்" என்றாள். "எழுதுங்க. எழுதும்போது ஒங்க பங்கையும் சேத்து எழுதுங்க. இல்லைன்னா இது வேற ஒரு பொய்யாப் போயிரும்."

அதுக்கப்புறமும் நாலு வருஷம் ஆக்கிவிட்டேன். சபதம் முடிந்தும் நான் இன்னும் அருவிக்குப் போகவில்லை. அவர் வாயிலிருந்து வார்த்தை வந்தது, என்னிடமிருந்து வரவில்லையே. இதை எழுதி முடித்த பிறகு போகலாம் என்று இருக்கிறேன்.

ஊரில் இந்தக் கதை இப்போது பல மாதிரி நடமாடுகிறது. அவர் கழுத்தில் நான் கத்தி வைத்தேன் என்கிறார்கள். தம்பியின் கை தண்ணீருக்குள்ளிருந்து வந்து அவர் காலைப் பிடித்தது என்கிறார்கள். சாமியே வந்து கயிற்றை அறுத்ததாக ஒரு அம்மா கோயிலிலேயே என்னிடம் சொன்னாள். ஒன்றும் உண்மை இல்லை. அறுத்தது நான், தீட்டிய கத்தியால், இருபத்தாறு எண்ணி. முதல் நாளே அறுத்திருக்க வேண்டியதும் நான்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குக் கொடுங்கள். கிணற்றில் இறங்குகிறவர் வீட்டிலும், கடல் வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். வலது கை, ஒரே இழுப்பு, மேலே எதுவும் கட்டாதே என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடவும் வேண்டாம். கயிற்றை நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட வரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். என் தம்பி குடிக்கவில்லை என்ற வரியும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.